குரல் மாற்றாதவர்

திருவேங்கடம் முப்பத்தெட்டு நாள் வாய் திறக்கவில்லை. முப்பத்தொன்பதாம் நாள் காலையில் மடத்துச் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, "அம்மா, புகையை நான் பார்த்தேன்" என்றார்.

ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டின் கதவைப் போலக் குரல் கிறீச்சிட்டது.

மடத்தை நடத்துகிற மரகதம் அம்மா பெரிய அண்டாவில் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தார். முந்தின நாள் கூகைமலையில் தீப்பிடித்து, மேலே இருந்த ஈச்சங்காடு என்ற சின்ன ஊர் எரிந்து போயிருந்தது. பத்தொன்பது வீட்டுச் சனமும் அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் கிடந்தது. கஞ்சி அவர்களுக்கு. துடுப்பு நிற்கவில்லை.

"எத்தனை மணிக்குப் பார்த்தீங்க சார்?"

"பத்து இருக்கும்."

"ஊருக்குள்ள தீ வந்தது?"

"பன்னிரண்டரைக்கு மேல."

"ம்."

திருவேங்கடத்துக்கு வயது அறுபத்தொன்று, அம்மாவுக்கு நாற்பத்து நாலு. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவரை அம்மா சார் என்பார். சார் அவரை அம்மா என்பார். மடத்துக்குக் காய்கறி கொண்டுவருகிறவரைத் தவிர வேறு யாருக்கும் இதில் சிரிப்பு வந்ததில்லை.

கூகைமலையில் செல்போன் எடுக்காது. அதனால் மலைக்காரர்கள் பழைய வழக்கம் ஒன்றை விடாமல் வைத்திருந்தார்கள். புகையை முதலில் பார்க்கிறவர் தொண்டை கிழியக் கூவ வேண்டும். காதில் விழுந்தவர் அடுத்தவருக்குக் கூவ வேண்டும். அரை மணியில் சேதி மலையைச் சுற்றிவிடும். அதற்குக் குரல் மாற்றுவது என்று பேர். மடத்தில் சேருகிறவர்களுக்குத் தியானம் சொல்லித் தருவதற்கு முன்னால் மரகதம் அம்மா இதைத்தான் சொல்லித் தருவார். திருவேங்கடத்துக்கும் சொல்லித் தந்திருந்தார். அவரும் பாறைமேல் நின்று ஒருமுறை கூவிக் காட்டினார். மனு வாசிக்கிற மாதிரி இருந்தது என்று அன்றைக்கு அம்மா சொன்னார்.

"பாறையில் மௌன விரதத்தில் இருந்தேன் அம்மா. நாற்பத்தெட்டு நாள் என்று சங்கல்பம். இன்னும் பத்து நாள்தான் பாக்கி. கண்ணை மூடிக்கொண்டேன். வேறு யாராவது பார்த்திருப்பார்கள், கூவுவார்கள் என்று..."

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்லை."

எப்படிப் பார்ப்பார்கள்? பிள்ளைகள் அடிவாரத்துப் பள்ளியில். பெரியவர்கள் அத்தனை பேரும் மலைக்கு அந்தப் பக்கம் கடுக்காய் பொறுக்கப் போயிருந்தார்கள். ஊரில் இருந்தது முழங்கால் வீங்கிய சிலம்பன் ஒருவர்தான். அவர் தீயைப் பார்த்தபோது அது வேலிக்கு வந்துவிட்டது. தப்பித்து வெளியே ஓடி வந்தவர், கட்டிக் கிடந்த ஆடுகளை அவிழ்க்கத் திரும்பிப் போனார். மூன்று ஆட்டை அவிழ்த்துவிட்டார். அவர் வெளியே வரவில்லை.

"பிராயச்சித்தம் சொல்லுங்கள் அம்மா. இனி ஆயுளுக்கும் மௌனமாகவே இருந்துவிடுகிறேன்."

அம்மா இப்போதுதான் துடுப்பை நிறுத்தினார்.

"பிடிச்ச பலகாரத்தையே தண்டனையா கேட்கிறீங்களே சார். இந்த விரதம் இருங்கன்னு நான் சொன்னேனா?"

"இல்லை."

"தூக்குச்சட்டியை எடுங்க. மேலே போகணும்."

ஏறுகிற வழியெல்லாம் கணுக்கால் அளவு சாம்பல். ஒரு குருவிச் சத்தம் இல்லை. திருவேங்கடம் மடத்துக்கு வந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்த அமைதி இதுதான் என்றால், இப்போது மலை முழுக்க இருந்தது. அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

ஈச்சங்காட்டில் சுவர்கள் நின்றன. கூரைத் தகரங்கள் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தன. ஒரு வீட்டு அடுப்பங்கரையில் அலுமினியச் சட்டி உருகி, கொட்டின பால் உறைந்ததைப் போலத் தரையில் பரவியிருந்தது. பாதி கருகிய பலாமரத்தடியில் சிலம்பனின் மனைவி மாயக்கா உட்கார்ந்திருந்தாள். ஊர் மொத்தமும் கீழே இறங்கியும் அவள் இறங்கவில்லை.

"கஞ்சி கொண்டாந்தேன் மாயக்கா" என்றார் அம்மா.

"வை தாயி."

"கீழ வாயேன். எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

"ஓடிப்போன மூணும் வந்தா இந்த எடத்துக்குத்தான் வரும். ஆளு இல்லேன்னா அதுபாட்டுக்குப் போயிரும்."

அம்மா கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். மாயக்கா கையில் வாங்கி வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே பேசினாள்.

"வாய் ஓயாத மனுசன் தாயி. மழை வரும்பாரு, வராதும்பாரு. ஆட்டுக்கு மூக்கு ஒழுகுதும்பாரு. அக்கா மகன் கல்யாணத்துல சோறு பத்தலைன்னு இருவது வருசமா சொல்லுவாரு. நான் பதிலே சொல்லமாட்டேன். வாய மூடும்யான்னு நாளைக்கு நாலு தரம் வைவேன். இப்ப ரெண்டு காதும் அடைச்சாப்புல கெடக்கு."

பிறகு திருவேங்கடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான பாறையில உக்காருற சாமி? அங்கன இருந்தா எங்க கூரை தெரியுமே."

திருவேங்கடம் அம்மாவைப் பார்த்தார். அம்மா சட்டி மூடியிலிருந்த சாம்பலை ஊதிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் உலகத்திலேயே முக்கியமான வேலை அதுதான் என்பது போல.

"தெரியும்" என்றார் திருவேங்கடம். "புகையையும் பார்த்தேன். பத்து மணிக்கே பார்த்தேன். குரல் மாற்றவில்லை."

"ஏன்?"

"விரதம்."

"யாருக்கு?"

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து, வந்த மனு ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பதில் எழுதிப் போட்டவர். இப்போது குனிந்து காலடிச் சாம்பலைப் பார்த்தார்.

மாயக்கா அழவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. பாதிக் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

"ஊத்து சாம்பல்ல மூடிக் கெடக்கு தாயி. தண்ணி இல்ல."

"சார் கொண்டாருவாரு."

மாயக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "வரட்டும். என் மூஞ்சியப் பாக்க வேணாம்" என்றாள்.

இறங்கும்போது திருவேங்கடம் கேட்டார்.

"தண்ணீர் கொண்டுபோய் வைத்தால் போதுமா அம்மா?"

"பேசணும்."

"நானா? என்ன பேசுவது?"

"சிலம்பன் என்ன பேசினாராம்? மழை, ஆடு, பத்தாத சோறு. உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க."

மறுநாளிலிருந்து திருவேங்கடம் தோளில் குடத்தோடு மலை ஏறினார். முதல் நாள் குடத்தை இறக்கிவைத்து, "இன்றைக்கு வெயில் அதிகம்" என்றார். மாயக்காவின் முதுகு அசையவில்லை. அதற்கு மேல் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சும்மா பேசுவது என்கிற காரியத்தை அவர் வாழ்நாளில் செய்ததே இல்லை. அதெல்லாம் வேலையற்றவர்கள் செய்வது என்று நினைத்திருந்தார்.

இரண்டாம் நாள் மேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் நாள், இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு போட்டுக்கொண்டு வருகிற தன் பழைய ஆபீஸ் டவாலிச் சேவகனைப் பற்றி. வேடிக்கையான சங்கதிதான், சொன்ன விதத்தில் செத்துப்போனது. நான்காம் நாள், கீழே மந்திரி வந்து ஆளுக்கு ஒரு சேலையும் தார்ப்பாயும் கொடுத்த கதை. "சனத்தையெல்லாம் கல்யாண மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள்" என்றார். "பாதிப் பேர் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போய்விட்டார்கள். திரும்பி வருவார்களா என்று தெரியவில்லை."

முதுகு அப்படியே இருந்தது.

ஏழாம் நாள் பேச எதுவும் மிச்சமில்லாமல், தன் மனைவி இறந்த தினத்தைப் பற்றிச் சொன்னார். மனைவி உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தார். இதை அவர் மகனிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது காற்றில் சாம்பல் கொஞ்சம் பறந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஓர் ஆடு வந்து சேர்ந்தது, ஒரு பக்கம் ரோமம் பொசுங்கி. மாயக்கா அதைக் கட்டிக்கொண்டு, எங்கடி போன, என்னத்தத் தின்ன, மத்த ரெண்டும் எங்க என்று விடாமல் பேசினாள். திருவேங்கடம் குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பதினோராம் நாள் அவர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். மரகதம் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னால் முடியவில்லை அம்மா."

"தண்ணி கனக்குதா?"

"தண்ணீர் இல்லை. அந்த முதுகு. பதினோரு நாளாக ஒரு வார்த்தை பதில் இல்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆட்டோடு பேசுகிறாள். நான் அங்கே நிற்கிறேன் என்பதற்கே அடையாளம் இல்லை."

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"நான் பாறைக்கே திரும்பிப் போய்விடட்டுமா அம்மா? அங்கே கடவுளோடாவது இருப்பேன்."

"முப்பத்தெட்டு நாள் இருந்தீங்களே சார். அவர் ஏதாவது பேசினாரா?"

திருவேங்கடம் யோசித்தார். பொய் சொல்ல வரவில்லை.

"இல்லை."

"முகத்தைக் காட்டினாரா?"

"இல்லை."

மரகதம் அம்மா முறத்தை மடியில் வைத்தார்.

"அவர்கிட்ட மட்டும் அலுக்காம மறுநாளும் போனீங்களே."