நலமானவரின் ரத்தம்

ரத்த அணுக்களைப் படித்துச் சொல்வதில் டாக்டர் நப்பின்னையை மிஞ்ச ஆளில்லை. அவருக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சவரிராயனுக்கோ அறுபத்தாறு. ஓய்வு பெற்ற அரசு டாக்டர். படிக்கும் ஆசை மட்டும் விட்டபாடில்லை.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம். நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நலமான ஒருவரின் ரத்தம் வேண்டும். அங்கே வேலை செய்பவர்களே முறை வைத்துக் கையை நீட்டுவார்கள். மற்ற எல்லாரும் இருபதைத் தாண்டிய பிள்ளைகள்.

அன்று சவரிராயனின் முறை. ஜம்பமாகத்தான் கையை நீட்டினார். திரையில் தன் ரத்த அணுக்களின் படம் வந்ததும் முகம் செத்துப்போயிற்று. எந்தக் கிருமியையும் சந்தித்திராத புது எதிர்ப்பு அணுக்கள் பிள்ளைகளின் படத்தில் மண்டிக் கிடந்தன. அவர் படத்தில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

"நாளையிலேர்ந்து நான் வரலை மேடம்."

"ஏன் சார்?"

"நலமானவன்னு கை நீட்டினேன். பாருங்க, நானே நோயாளி."

நப்பின்னை திரைப் பக்கம் திரும்பினார். வார்டில் படுத்திருந்த எழுபது வயது அம்மா ஒருவரின் படத்தை எடுத்து, பிள்ளைகளின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன தெரியுது?"

"எல்லாமே கெட்டுப்போயிருக்கு."

அதையே சவரிராயனின் படத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினார். சவரிராயன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அந்த அம்மாவின் படத்தில் மட்டும் ஓரமாக ஒரு திட்டு.

"இது?"

"அதுதான் நோய். மத்ததெல்லாம் வயசு. உங்க ரத்தம் இல்லேன்னா எதுக்கு வைத்தியம் பண்றதுன்னே தெரியாம முழிச்சிருப்போம்."

அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"வயசும் குறைதானே மேடம்? புதுசு இவ்வளவுதான் மிச்சம்."

"மத்த இடம் பூரா என்ன இருக்கு?"

"நினைவு அணுக்கள். ஏற்கனவே ஒரு கிருமியை ஜெயிச்சதுங்க."

"எங்கே ஜெயிச்சதுங்க?"

சவரிராயன் யோசித்தார். "காலரா முகாம்... டைபாய்டு வார்டு... ஒரு வருஷம் பூரா அம்மை போட்ட குழந்தைங்க..." சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

நப்பின்னை எழுந்து நின்றார்.

"அந்தப் பிள்ளைங்க ரத்தம் இன்னும் சண்டையே பார்க்கலை சார். உங்களது ஜெயிச்சுட்டு வந்து உட்கார்ந்திருக்கு. காலையில சாப்பிட்டுட்டு வாங்க. பக்கத்து வார்டுல ஒரு பெரியவர் இருக்கார், அவருக்கும் நீங்கதான் வேணும்."