கரைகாத்தாள் முகம் திருப்பிய கதை

அந்தக் காலத்தில் நண்டுக்குத் தலை இருந்தது. கழுத்தும் இருந்தது. மற்ற பிராணிகளைப் போல நேராக நடந்து, எதிரே வருகிறவர்களை நிமிர்ந்து பார்த்து, நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும். சாமிகளும் அப்போது இவ்வளவு தூரத்தில் இல்லை. கூப்பிட்டால் கேட்கும், கேட்டால் பதில் சொல்லும்.

நெடுங்கரை என்ற ஊருக்கு ஒரே ஒரு கண்மாய். ஊர் மொத்தமும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் விதைத்தது, அறுத்தது, குடித்தது. கண்மாய்க் கரைமேல் கரைகாத்தாள் என்ற அம்மன் நின்றிருந்தாள். கூரை கிடையாது. ஊரைப் பார்த்த முகம். எந்த வீட்டில் அடுப்புப் புகைகிறது, எந்த வீட்டில் புகையவில்லை என்பது அங்கிருந்தே அவளுக்குத் தெரியும்.

கரையைக் கவனிக்கிற வேலை சடையாண்டி என்பவனுக்கு. மடையைத் திறந்து முறைவைத்து வயல்களுக்குத் தண்ணீர் விடுவான். காலையில் எழுந்ததும் கரையின் முழு நீளத்துக்கும் நடந்து பார்ப்பான். எலி வளையோ நண்டு வளையோ கண்ணில் பட்டால் களிமண்ணைக் குழைத்து அடைப்பான். நண்டுகளுக்கும் ஊருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. தண்ணீர்ப் பக்கத்தில் அவை வளை தோண்டிக்கொள்ளலாம். கரையைத் துளைத்து மறுபக்கம் வரக் கூடாது.

ஒரு வருடம் மழை பொய்த்தது. கண்மாய் வற்றி, கரையோரப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. ஆழம் குறைந்ததும் கொக்குகள் வந்து இறங்கின. வயிற்றில் குஞ்சுகளைச் சுமந்திருந்த ஒரு நண்டு பயந்துபோய் வளைக்குள் இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று தோண்டிக்கொண்டே போனது. ஒரு நாள் எதிரே வெளிச்சம் தெரிந்தது. கரையின் மறுபக்கத்துக்கே வந்துவிட்டிருந்தது.

அந்த இடத்துக்குக் கீழே சடையாண்டியின் மனைவி இருளாயி அவரைப் பந்தல் போட்டிருந்தாள். காலையில் கரையைச் சுற்றி வந்த சடையாண்டி, பந்தலடி மண் ஈரமாக இருப்பதைப் பார்த்தான். கரையில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஓட்டையின் வாயில் நண்டு உட்கார்ந்திருந்தது.

"என்ன வேலை செஞ்சிருக்கன்னு தெரியுதா?" என்று கேட்டான்.

"தெரியுதுண்ணே. கொக்குக்குப் பயந்து தோண்டினேன். எங்க நிறுத்தறதுன்னு தெரியாமப் போச்சு. நீ அடைச்சிரு. நான் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வேற இடம் பார்த்துக்கிறேன்" என்றது நண்டு.

சடையாண்டி களிமண் எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் கண்ணில் அவரைக் கொடி பட்டது. ஊர் முழுக்க இலைகள் சருகாகிக் கிடந்த நேரத்தில், இந்தக் கொடியில் புதிதாகத் துளிர் விட்டிருந்தது. அவன் நிமிர்ந்துவிட்டான்.

"இருக்கட்டும். மழை வர்றதுக்குள்ள அடைச்சிரலாம். அதுவரைக்கும் நீயும் யார்கிட்டயும் சொல்லாத, நானும் சொல்லலை."

குஞ்சுகளோடு வெயிலில் இடம் தேடி அலைகிற பாடு மிச்சம். நண்டு சரி என்றது.

அவரை பூத்தது, காய்த்தது. கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஊர் வந்து பார்த்து வாயில் கை வைத்தது. கரைகாத்தாள்தான் இருளாயிக்குக் கண் திறந்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். இருளாயியும் அப்படித்தான் நம்பினாள். புருஷன் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் மனசு பெரிசு. கேட்டவர்களுக்கெல்லாம் மடி நிறையக் காய் பறித்துக் கொடுத்தாள். பந்தலுக்கு அடுத்தாற்போல் ஆட்டுக் கிடை போட்டிருந்த செம்பாயிக்கும் அவள் புருஷன் கழுவனுக்கும் அன்றாடம் அவரைக்காய்தான் குழம்பு. "ஒங்க பந்தலுக்குப் பக்கத்துல கிடை போட்டதுக்கு எங்களுக்கும் அதிர்ஷ்டம்க்கா" என்று செம்பாயி சிரிப்பாள்.

இருளாயி முதல் காய்ப்பில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் இருப்பதைக் கொண்டுவந்து படைத்தன.

கரைகாத்தாளுக்கு விஷயம் தெரியும். கரை அவள் உடம்பு மாதிரி. ஓட்டை விழுந்த அன்றே உணர்ந்தாள். சடையாண்டியைக் கூப்பிட்டு அடைக்கச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அந்த வருடம் யாரும் அவளுக்கு ஒரு பூக்கூட வைத்திருக்கவில்லை. இப்போது வாசம் வாசமாகப் பொங்கல் வந்தது. 'ஆத்தா கொடுத்தது, ஆத்தா கொடுத்தது' என்று காதில் விழுந்துகொண்டே இருந்தது. தான் கொடுக்காததற்கு வந்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

பிறகு ஒரு நாள் ஊர் திரண்டு வந்து அவள் முன்னால் நின்றது. "இருளாயிக்கு இரங்கினவ எங்களுக்கு இரங்கக் கூடாதா தாயே? மழையைக் கொடு" என்று அம்பலகாரர் கேட்டார். ஊர்ப் பெரியவர் அவர். கூட்டத்தில் பிள்ளைகள் தாகத்தில் அழுதுகொண்டிருந்தன.

கரைகாத்தாளுக்கு மழை தம்பி முறை. அவனைக் கூப்பிட்டாள்.

வந்தவன் மேலே நின்றபடி கேட்டான். "கரை எப்படி இருக்கு அக்கா? எவ்வளவு இறக்கலாம்?"

ஓட்டையைச் சொன்னால், பொங்கல் தின்ற கதையையும் சொல்ல வேண்டும்.

"கரைக்கு என்ன, நல்லா இருக்கு" என்றாள். "ஊரே பேசற மாதிரி பெய்."

மழை இறங்கியது. முதல் துளி விழுந்ததுமே சடையாண்டிக்கு ஓட்டை நினைவு வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். ஆனால் கரைமேல் ஊரே நின்றிருந்தது. நனைந்துகொண்டு ஆடினார்கள், குலவையிட்டார்கள். இருளாயியை நடுவில் நிறுத்தி, ஆத்தாளின் அருள் பெற்றவள் என்று காலில்கூட விழுந்தார்கள். அவர்கள் எல்லாரும் பார்க்க, களிமண்ணைச் சுமந்துகொண்டு பந்தலுக்குள் எப்படி நுழைவது? என்ன அங்கே என்று யாராவது கேட்டால்? கூட்டம் கலையட்டும் என்று நின்றான். கூட்டம் கலையவில்லை. மழையும் விடவில்லை.

மறுநாள் காலையில் போனபோது ஓட்டை குடத்தின் வாய் அகலத்துக்குத் திறந்திருந்தது. கண்மாய் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. களிமண்ணை உருட்டி அடைத்தான், தண்ணீர் துப்பியது. கல்லை வைத்தான்; கல்லோடு தள்ளியது. கையைத் தட்டினால் கேட்கிற தூரத்தில், கிடையில் கழுவன் இருந்தான். ஒரு குரல் கொடுத்தால் ஊர் வந்திருக்கும். நானே அடைத்துவிடுவேன், யாருக்கும் தெரியாமல் அடைத்துவிடுவேன் என்று அவன் தனியாகவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் "கரை உடையுது" என்று அவன் கத்தியபோது கரை உடைந்தேவிட்டது.

இருளாயியும் செம்பாயியும் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். கழுவன் மட்டும் கிடைக்குள் போனான். ஆடுகள் கட்டிப்போட்டபடி இருந்தன. இரண்டு ஆட்டை அவிழ்த்துவிட்டதைச் செம்பாயி மேட்டிலிருந்து பார்த்தாள். மூன்றாவது ஆட்டிடம் அவன் குனிந்ததையும் பார்த்தாள். அதற்குப் பிறகு அங்கே கிடையும் இல்லை, அவனும் இல்லை.

தண்ணீர் வடிந்ததும் கழுவனை எடுத்துப் புதைத்தார்கள். விதைத்த வயலெல்லாம் மணல். கண்மாய் பழையபடி காலி. ஊர் உடைப்பின் பக்கத்தில் கூடியது. எதனால் இப்படி நடந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

அம்பலகாரர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஆத்தா காலடியில ஆட்டுக் கிடை போட்டதுதான் குத்தம். ஆட்டுக் குளம்பு பட்டுக் கரையும் இளகிருச்சு, அவ மனசும் நொந்துருச்சு. செம்பாயி, நீ இனிமே இந்த ஊருல இருக்க வேண்டாம்மா."

செம்பாயி உடைப்பின் ஓரத்தில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சடையாண்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று மனம் சொன்னது. வாழ்நாள் முழுக்க அவன் நினைத்து நினைத்துக் கூசியது அந்த ஒரு மூச்சைத்தான்.

உடைந்த கரையின் மண்ணுக்குள்ளிருந்து நண்டு வெளியே வந்தது. குஞ்சுகள் எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டன. தனியாக நடந்து கூட்டத்தின் நடுவில் வந்து நின்றது.

"அந்தம்மா மேல தப்பில்லை. கரையில ஓட்டை போட்டது நான்" என்றது.

கூட்டத்தில் ஆளாளுக்குக் கல்லைத் தேடினார்கள். நண்டு ஓடவில்லை. சடையாண்டி முகத்தை ஒரு தரம் பார்த்தது. தன் பெயரைச் சொல்லிவிடும் என்று அவன் பயந்தான். அது சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அடிக்காகக் காத்திருந்தது.

முதல் கல்லை ஓங்கிய கையைச் சடையாண்டி பிடித்துக்கொண்டான்.

"அது அன்னைக்கே அடைச்சிருன்னு சொல்லுச்சு" என்றான். "நான்தான் வேண்டாம்னேன். அவரை காய்க்கட்டும்னு விட்டேன். மழை வந்தப்பவும், எல்லாரும் பார்ப்பீங்கன்னு அடைக்கலை. உடையப்போகுதுன்னு தெரிஞ்சும் கழுவனைக் கூப்பிடலை."

இருளாயி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் பறிச்சுப் பறிச்சுக் கொடுத்தேனே" என்றாள் மெதுவாக. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அம்பலகாரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு அம்மன் பக்கம் திரும்பினார். "மனுஷன் செஞ்ச தப்புக்கு ஒன் பேரை இழுத்துட்டோம் ஆத்தா. ஒன்மேல ஒரு குறையும் இல்லை. மன்னிச்சிரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஊரே கும்பிட்டது. ஒரு பெண் சூடம் ஏற்றினாள்.

அந்தச் சூடத்தைக் கரைகாத்தாளால் பார்க்க முடியவில்லை.

"அணைச்சிருங்க" என்றாள்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"எனக்கு ஓட்டை தெரியும். நீங்க வச்ச பொங்கலுக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எவ்வளவு பெய்யட்டும்னு மழை என்னைத்தான் கேட்டான். கரை நல்லா இருக்குன்னு சொன்னது நான்."

அம்பலகாரர், தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்க முடியாமல், "அப்படின்னா நண்டு மேல கொஞ்சம், சடையாண்டி மேல கொஞ்சம், ஆத்தா மேலயும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

செம்பாயி எழுந்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமாப் பிரிக்காதீங்க மாமா. எம்புருஷன் கொஞ்சம் கொஞ்சமாப் போகலை. முழுசாப் போனான்."

அவள் நண்டைப் பார்த்தாள். "நீ துளைக்காம இருந்திருந்தா அவன் இருப்பான்." சடையாண்டியைப் பார்த்தாள். "ஒரு கை மண்ணை நீங்க அப்பியிருந்தா அவன் இருப்பான்ணே." அம்மனைப் பார்த்தாள். "நீ தம்பிகிட்ட நெசத்தைச் சொல்லியிருந்தா அவன் இருப்பான் ஆத்தா. மூணுல ஒண்ணு நடந்திருந்தாலே போதும். அதனால மூணு பேரும் முழுசாத்தான் சுமக்கணும். பங்கு போட்டு இறக்கி வைக்கிற சுமை இல்லை இது."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளை ஊரைவிட்டுப் போகச் சொன்னது அம்பலகாரர்தான். செம்பாயி அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் வானத்தைப் பார்த்தாள். மழைக்காலம் இன்னும் முடியவில்லை, கிழக்கே கருத்துக்கொண்டிருந்தது. ஆட்டுப்பிழுக்கை அள்ளுகிற தன் கூடை வேலியில் சிக்கிக் கிடந்ததைப் போய் எடுத்து வந்தாள். மண்ணை அள்ளி உடைப்பில் கொட்டினாள். திரும்பப் போய் அள்ளினாள். "இதையாவது பாதியில விடாம அடைங்க" என்றாள்.

ஊர் முழுக்கக் கூடை எடுத்தது. சடையாண்டி எல்லாருக்கும் கீழே, சேற்றுக்குள் இறங்கி நின்று மண்ணை மிதித்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. செம்பாயியும் திட்டவில்லை. அவள் கூடையைக் கவிழ்க்க வரும்போதெல்லாம் அவன் முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டான். அவள் கடைசிவரை அவனை மன்னித்ததாகச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

நண்டு தன் இரண்டு கையாலும் முடிந்த மண்ணைத் தள்ளிக்கொடுத்தது. யார் காலடியாவது பக்கத்தில் கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. இழுத்து இழுத்து, கரையை அடைத்து முடித்த அன்று தலை நெஞ்சுக்குள்ளேயே போய்விட்டது. கண் இரண்டு மட்டும் வெளியே மிஞ்சின. நேராக நடந்தால் யாருக்காவது எதிரே வர வேண்டியிருக்கும் என்று பக்கவாட்டில் நகர்ந்து வளைக்குள் போனது.

கரை நிமிர்ந்த மறுநாள் காலையில் ஊரார் வந்து பார்த்தபோது கரைகாத்தாள் திரும்பி நின்றிருந்தாள். ஊருக்கு முதுகு, முகம் தண்ணீரின் பக்கம். அடுப்புப் புகையைப் பார்க்கிற தைரியம் இனி அவளுக்கு இல்லை. கரையின்மேல் வைத்த கண்ணை எடுக்கவும் மனமில்லை. பலசாலிகள் கூடி அவளை ஊர்ப் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். அசையவில்லை. பிறகு செம்பாயி, "விடுங்க, அப்படியே இருக்கட்டும்" என்றாள், விட்டுவிட்டார்கள்.

அன்று முதல்தான் நண்டு தலையில்லாமல் பக்கவாட்டில் நடக்கிறது. நெடுங்கரையில் அம்மன் தண்ணீரைப் பார்த்து நிற்கிறாள். மழை கேட்டு அவளிடம் போகிறவர்கள், பொங்கல் பானையைத் தூக்குவதற்கு முன்னால், வீட்டுக்கு ஒரு கூடை மண்ணை வாய் பேசாமல் கரையில் கொட்டுகிறார்கள், கொட்டும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.