வழித்த நாக்கு

எழுத்தில்லாத ஓலை. எப்போதும் ஈரம். விளக்கடித்தால்தான் படிக்கலாம். என்ன அது?

நாக்கு. சரியாகச் சொன்னீர்கள். இனி கதை.

மலைமேல் இருந்த சிறு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் இளம்பரிதி, பெரிய டாக்டர் யெமீமாவிடம் முறையிட்டார்.

“எச்.ஐ.வி. பிள்ளைகளுக்கு ரத்தம் பாக்க இங்கே மெஷினே இல்லையே மேடம். மருந்து வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

யெமீமா டார்ச்சை நீட்டினார்.

“வாயைப் பாருங்க. மருந்து கேக்காமப் போனா நாக்குல வெள்ளை படியும். அதைத் தவற விட்டா பிள்ளை தப்பாது.”

அப்போது சடைச்சி வந்தாள். எச்.ஐ.வி. மருந்து சாப்பிடும் தாயில்லாத சிறுமி. அத்தை குப்பாயி கூட்டி வந்திருந்தாள். சடைச்சியின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

இளம்பரிதி விளக்கடித்தார்.

“நாக்கு சுத்தமா, செக்கச்செவேல்னு இருக்கு. பழைய மருந்தே போதும்.”

“சுத்தத்துக்கு என்ன குறைச்சல்?” என்று சிரித்தாள் குப்பாயி. “சோறு திங்க மறந்தாலும் நாக்கு வழிக்க மறக்க மாட்டா. காலையில இருந்து ஈர்க்கும் கையுமாத்தான் நின்னா.”

சடைச்சி வாயை மூடிக்கொண்டாள். உதட்டோரம் ரத்தம் கசிந்தது.

யெமீமா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“ஏன் கண்ணு?”

“அம்மா நாக்குல வெள்ளை வந்துச்சு. நீங்க டார்ச் அடிச்சுப் பாத்தீங்க. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்க. அம்மா வரவே இல்ல.”

யெமீமா பஞ்சால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டார்.

“ஈர்க்கு வெச்சு வழிக்க யாரு சொல்லிக் குடுத்தா?”

“அம்மாதான்.”

“எப்போ?”

“நீங்க பாக்குறதுக்கு ரொம்ப நாள் முன்னாடி. வெள்ளை வர வர வழிச்சுட்டே இருந்தாங்க.”

இளம்பரிதி டார்ச்சை அணைத்தார்.

“நாளன்னைக்கு வா,” என்றார் யெமீமா. “வழிக்காம வா. வெள்ளையைப் பாத்தாத்தான் மருந்தை மாத்துவேன்.”

“பாத்தா கீழே கொண்டு போயிடுவீங்களா?”

“புது மருந்தும் கேக்கலைன்னா கொண்டு போவேன்.”

சடைச்சி அத்தையின் முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி போனாள்.

“கொண்டு போக மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே மேடம். பயந்துபோய் வராமலே இருந்துட்டா?”

யெமீமா அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அன்று முழுக்க அவர் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

சொன்ன நாளில் சடைச்சி வந்தாள். நாக்கை வழிக்காமல், படிந்த வெள்ளையோடு நீட்டினாள்.