கோம்பையா, சிப்பிப்பாறையா

ஜமீன்தாரின் அம்மா ஒரு கோம்பை வேட்டை நாயை வாங்கிவந்தார். மனைவியோ பிறந்த வீட்டிலிருந்து சிப்பிப்பாறை நாயை வரவழைத்துவிட்டார். எந்த நாயை வைத்துக்கொள்வதென்று அரண்மனையில் ஓயாத சண்டை.

ஜமீன்தார் நாய்க்கார மாடக்கண்ணைக் கூப்பிட்டார். "நம்ம வீட்டுக்கு எதுடா தோது? தப்பாச் சொன்னா ஊர்ல இருக்கமாட்ட."

மாமியாரும் மருமகளும் அவனையே முறைத்தார்கள். எதைச் சொன்னாலும் ஒருத்தர் சும்மா விடமாட்டார்.

"சாமி, சிப்பிப்பாறை ஒரே ஆளு பேச்சுக்குத்தான் அடங்கும். கோம்பை வீட்டுல எல்லாரு பேச்சையும் கேக்கும். இந்த வீட்டுல யாரு பேச்சு செல்லும்னு நீங்க சொல்லிட்டா, எந்த நாய்னு நான் சொல்லிருவேன்."

இரண்டு பெண்களும் இப்போது ஜமீன்தாரைப் பார்த்தார்கள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டும் இருக்கட்டும்டா. நீ போய்க் கஞ்சி ஊத்து."