மேகத்துக்குள் ஒரு துடிப்பு

மலை உச்சியில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருந்தது. அதற்குக் கண் கிடையாது, காதுதான். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்கி ஒலிபெருக்கியில் சத்தமாகக் கொடுக்கும். அதனால் இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, பட்டப்பகலிலும் வேலை நடக்கும்.

அங்கே குரு வேதமாணிக்கம். சிஷ்யை பூங்கோதை. சிஷ்யை என்றதும் சின்னப் பெண்ணாக நினைத்துவிட வேண்டாம், அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. படிக்க வந்தாள், பட்டம் வாங்கினாள், அப்புறமும் அவரிடமே தற்காலிக உதவியாளராகத் தங்கிவிட்டாள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அந்த மலையில் ஆயுசு கெட்டி.

அன்று சாயங்காலம் வேதமாணிக்கத்துக்குப் பாராட்டு விழா. ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறிய புகை மேகம் வானத்தில் பரவிக் கிடக்கிறது. நெபுலா என்பார்கள். அதன் நடுவில் ஒளிந்திருந்த பல்சாரை அவர் கண்டுபிடித்தாராம். பல்சார் என்பது அந்த வெடிப்பில் மிஞ்சிய கரு. பம்பரம் மாதிரி சுற்றும், சுற்றுக்கு ஒரு துடிப்பு அனுப்பும்.

கண்டுபிடித்தது பூங்கோதை. அத்தனை இரைச்சலுக்குள்ளும் துழாவித் துழாவி அந்தத் துடிப்பை வெளியே எடுத்தவள் அவள்தான். கட்டுரையில் அவளுக்குக் கிடைத்தது கடைசி வரியில் ஒரு நன்றி. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மத்தியானம் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தாள். அவர் தனியாக உட்கார்ந்து மேடைப் பேச்சை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இன்னிக்கு மேடையில என் பேரைச் சொல்வீங்களா?”

“உட்காரும்மா.”

“உட்கார வரலை. வெளி மாநிலத்துல ஒரு ஆய்வகத்துல நிரந்தர வேலை இருக்கு. நேர்காணல்ல முதல் கேள்வியே, நீங்களா கண்டுபிடிச்சது என்னன்னுதான் கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்? எருமை வேலின்னு சொல்லட்டுமா?”

அவர் முகம் சுண்டிப்போனது. போகாதா பின்னே!

அது பழைய கதை. ஒரு தடவை கருவியில் கணீரென்று ஒரு துடிப்பு விழுந்தது. புது பல்சார் என்று இவரே முடிவு கட்டி, பத்திரிகைக்காரர்களை மலைக்கு வரவழைத்துவிட்டார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கண்டுபிடித்தாலும், ஆன்டெனாவை அந்தத் திசையிலிருந்து விலக்கிப் பார்க்க வேண்டும். துடிப்பு நின்றால் அது வானத்துச் சரக்கு. நிற்காவிட்டால் நம்ம ஊர்ச் சரக்கு. அவசரத்தில் இவர் அதைச் செய்யவில்லை. பூங்கோதைதான் சத்தமில்லாமல் விலக்கிப் பார்த்தாள். துடிப்பு அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கீழே தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமைக்காகப் போட்ட மின்வேலி அது! வந்தவர்களுக்கு டீயைக் கொடுத்து, கருவி பழுது என்று அனுப்பிவைத்து அவர் மானத்தைக் காப்பாற்றியவள் அவள். அதன்பிறகு ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை.

வேதமாணிக்கம் எழுந்துபோய் ஆன்டெனாவை அந்த நெபுலாவின் பக்கம் நிறுத்தினார். ஒலிபெருக்கியைக் கூட்டினார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே இரைச்சல்.

“உன் நட்சத்திரம் எங்கே?”

“உள்ளதான் இருக்கு. மேகம் போடுற இரைச்சல்ல அமுங்கிக் கிடக்கு. மணிக்கணக்கா கேட்டு, துடிப்புகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாத்தான் தெரியும்.”

“மேகம் எதனால ஒளிருது?”

“என்னையா கேக்குறீங்க? அந்தக் கணக்கைப் போட்டதே நான்தானே! பல்சார் சுத்துற வேகம் கொஞ்சம் கொஞ்சமா குறையுது. அது இழக்குறதுதான் மேகத்துக்கு வெளிச்சம்.”

“ஜனங்க எதைப் பார்க்கிறாங்க?”

“மேகத்தை. அழகா இருக்குன்னு காலண்டர்ல போடுறாங்க.”

அவர் ஆன்டெனாவை வேறு பக்கம் திருப்பினார். அது அசைந்து அசைந்து போய் நின்றது. பிறகு அறை முழுக்கச் சத்தம் நிறைந்தது. டொக். டொக். டொக்.

“இது யாரு?” என்றார்.

“வெடிப்பு குடுத்த உதையில மேகத்தை விட்டு வெளியே வந்த பல்சார். சுத்திலும் ஒண்ணும் கிடையாது. அதான் இவ்வளவு தெளிவா கேக்குது.”

“இது வெளியே வந்ததும் அந்த மேகம் அணைஞ்சிடலை. இது குடுத்துட்டுப் போனதை வச்சே ரொம்ப காலம் மினுக்கிக்கிட்டு இருந்துச்சு.”

பூங்கோதைக்குக் கோபம் தலைக்கேறியது.

“நல்லா இருக்கு சார் கதை! மேகத்துக்கு வாய் கிடையாது. உங்களுக்கு இருக்கே! ஒரு பேரைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? என் நல்ல வயசெல்லாம் இந்த அறையில போச்சு. எங்கம்மா செத்த அன்னிக்குக்கூட உங்க கட்டுரையை அனுப்பிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறினேன். போனப்போ எடுத்துட்டாங்க. முகம் பார்க்கலை நான். உங்க பட்டத்தையா கேக்குறேன்? என் பேரைத்தானே கேக்குறேன்!”

வேதமாணிக்கம் ஒலிபெருக்கியை அணைத்தார். வாசலில் டிரைவர் குரல் கொடுத்தான்.

“சார், மாலை வந்துடுச்சு. போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க.”

“வர்றேன்ப்பா,” என்றவர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கதவருகே போய் நின்றார். அவளைப் பார்க்கவில்லை.

“ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னுதான் மேடை ஏறுறேன் பூங்கோதை. மைக்கைப் பிடிச்சதும் நாக்கு எழும்ப மாட்டேங்குது. உன் பேரைச் சொல்லிட்டா அப்புறம் நான் வெறும் புகை.”

“அப்போ இன்னிக்கும் சொல்ல மாட்டீங்க.”

“மாட்டேன்.”

“நீங்க சொல்லாம நான் எங்கே சார் போறது, வெறுங்கையோட?”

“வெறுங்கையோடதான் போகணும். போயிடும்மா. நீ இங்கே இருக்கிற வரைக்கும் நான் எடுத்துக்கிட்டேதான் இருப்பேன்.”