கடமானின் கனம்

அந்த மலை எந்த அரசனுக்கும் உரியதல்ல. காலில் தெம்பு இருக்கிற யாரும் ஏறி வேட்டையாடலாம். இரண்டே கட்டுப்பாடு. ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு கடமான். விழுந்த மானில் ஒரு பிடி இறைச்சியை அழுகவிட்டு வந்தாலும் அவன் மறுபடி ஏறக்கூடாது.

அரசனின் விற்படைத் தலைவர் ஆதன் அங்கே தனியாக வந்து சேர்ந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மலையடிவாரத்தில் வேட்டை கற்றுத்தரும் எயினிக்கு முப்பதுகூட நிரம்பவில்லை. ஆதன் தயங்காமல் அவள் முன்னால் வில்லை வைத்து வணங்கினார்.

"உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லித் தர, ஐயா? நூத்துக்கணக்குல மான் அடிச்சவர்னு சொல்றாங்களே."

"அத்தனையும் ஒரு கூட்டம் பறையடிச்சு என் முன்னால விரட்டிக் கொண்டுவந்த மான், தாயி. அடிச்சது நானா, அந்தக் கூட்டமான்னு எனக்கே தெரியல. தோள் இப்பவே நடுங்குது. அடுத்த வருஷம் இந்த வில் எனக்கு வளையாது. ஒரே ஒரு தடவை, யாரும் இல்லாம, அதைத் தெரிஞ்சுக்கணும்."

சொல்லிவிட்டு ஓர் ஓலைக்கட்டை அவிழ்த்தார். எந்த வழியாக ஏறுவது, எந்தப் பள்ளத்தில் பதுங்குவது, எந்த வேளையில் காற்று எப்பக்கம் வீசும், எத்தனை நாளைக்குத் தினைமாவு வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. மானின் பெயரைத் தவிர மற்றதெல்லாம் எழுதிவிட்டார் என்றே சொல்லலாம்.

"எவ்வளவு தூரத்துல இருந்து எய்யலாம்? அது ஒண்ணுதான் இன்னும் எழுதல" என்றார்.

எயினி கடைசி ஓலைவரை பொறுமையாகப் படித்தாள்.

"ஏறுறது இருக்கு. பதுங்குறது இருக்கு. எய்யறது இருக்கு. இறங்குறது எங்க?"

அரச வேட்டையில் மான் விழுந்ததும் ஆதன் குதிரை ஏறிவிடுவார். அது எப்படி மடைப்பள்ளிக்கு வந்து சேர்ந்தது என்று முப்பது ஆண்டுகளில் ஒருநாளும் யோசித்ததில்லை.

எயினி ஒரு கயிற்றுப் பையை நீட்டினாள்.

"வில் இங்கயே இருக்கட்டும். நீங்க குறிச்ச பள்ளத்துல இருந்து இந்தப் பை நிறையக் கல் சுமந்து வாங்க. ஒரு பை ஒரு தொடைன்னு வச்சுக்குங்க. நாலு நடை. நாளை மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள முடியணும். அதுக்கு மேல இறைச்சி தாங்காது."

மறுநாள் விடியுமுன் கிளம்பினார். அதற்கடுத்த நாள் பொழுது சாய்ந்தபோது மூன்றாவது பையோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் ஒரு தொடை அங்கயே கிடக்கு" என்றார், மூச்சிரைக்க.

"ஈ மொய்க்க ஆரம்பிச்சிருக்கும்" என்றாள் எயினி.

ஆதன் எழுத்தாணியை எடுத்து, ஓலையில் அந்தப் பள்ளத்தைக் கோடிட்டு அடித்தார். பாதித் தூரத்தில் ஒரு சுனை இருந்தது. அதை எழுதினார். பையை உதறி எடுத்துக்கொண்டு மறுபடி புறப்பட்டார்.

இந்த முறை முதல் நாளிலேயே மூன்று பை வந்து சேர்ந்தது. தோளில் தோல் உரிந்தது. மறுநாள் விடியற்காலையில் சுனையோரம் நாலாவது பையை நிரப்பி, முதுகில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

பனிக்குள் ஒரு கிளை அசைந்தது. அது கிளையல்ல, கொம்பு.

பத்தடி தள்ளி கடமான் நின்றது. பிடரி மயிர் நனைந்திருந்தது. அது மூச்சு விடுவது அவருக்குக் கேட்டது.

ஆதன் தம் ஆயுளில் பார்த்த மான்களெல்லாம் ஓடிக்கொண்டிருந்தவை. இல்லையென்றால் விழுந்து கிடந்தவை. சும்மா நிற்கிற மானை அவர் பார்த்ததே இல்லை. இவ்வளவு பெரிதா! முதுகை அழுத்தும் இத்தனை கனமும் அதன் ஒரு தொடைதான் என்று நினைத்துப் பார்த்தார். கும்பிட வேண்டும் போலிருந்தது. கைகள் பையைப் பிடித்திருந்தன.

மான் அவரை ஒரு தரம் பார்த்தது. சுமை தூக்கும் ஏதோ ஒரு பிராணி என்று எண்ணியதோ என்னவோ, குனிந்து தண்ணீர் குடித்துவிட்டு அவசரமில்லாமல் நடந்து போனது.

அவர் இறங்கி வந்து பையை இறக்கினார்.

"நாலும் வந்துடுச்சு" என்றாள் எயினி. உள்ளே போய் அவருடைய வில்லையும் ஓர் அம்பையும் எடுத்து வந்தாள். "நாளைக்கு ஏறுங்க, ஐயா."

ஆதன் வில்லைத் தொடவில்லை. சுனையோரம் பத்தடியில் மானைக் கண்டதைச் சொன்னார்.

"அது மூச்சு விடுறது கேட்டுச்சா?" என்றாள் எயினி.

"கேட்டுச்சு."

"அதான் எய்யற தூரம். எழுதிக்குங்க."

ஆதன் ஓலையை எடுத்தார். எழுதவில்லை.

"அவ்வளவு கிட்டத்துல நின்னா என் கை எய்யுமா, தாயி?"

எயினி அம்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே, ஐயா, யாரும் இல்லாம வந்தீங்க."