ரப்பர் தவளைக்கு வந்த உயிர்

மூக்கனேந்தல் கண்மாயில் விரால் மீன் கிடப்பது ஊருக்கே தெரியும். அதைப் பிடிக்கத் தெரியாத ஆட்கள் ஊரில் மூன்றே பேர். சித்திரை மாசத்து ஒரு சாயங்காலம் தூண்டிலோடு புறப்பட்டதும் அந்த மூன்று பேர்தான்.

அவர்களில் சடையப்பனுக்கு அன்றைக்கு மீன் கிடைத்தே ஆகவேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் பொண்டாட்டி ஒச்சம்மாளின் அண்ணன் வருகிறார். போன தடவை அவருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றியதை அவர் இன்னும் சொந்தபந்தத்தில் சொல்லி முடிக்கவில்லை. ஒச்சம்மாள் மசாலாவை அரைத்துக் குழம்பைக் கூட்டிவிட்டுச் சொன்னாள்: "மீன் இல்லாம வாசப்படிய மிதிச்சீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

வேறு என்னவாக இருப்பாள் என்று சடையப்பனுக்கு வழியெல்லாம் யோசனை.

டவுன் கடைக்காரர், வயிற்றுக்கடியில் இரண்டு தூண்டில் முள் வைத்த ரப்பர் தவளையைக் கொடுத்து விளக்கியிருந்தார். "தண்ணிக்கு மேலயே மிதக்கும். தூர வீசி, விட்டு விட்டு இழுங்க. உங்க நிழல் தண்ணியில விழக்கூடாது. முக்கியமா, தவளைக்கு உயிர் இருக்குன்னு மீன் நம்பணும்."

கரையில் நின்றதுமே மூன்று நிழலும் தண்ணீரில் நீட்டிப் படுத்துக்கொண்டன. நல்லமாயன் முதுகுப் பக்கமாகக் குடையை விரித்துப் பிடித்தான்.

"இப்பவும் நிழல் விழுதேப்பா" என்றான் சடையப்பன்.

"அது குடையோட நிழல். கடைக்காரர் நம்ம நிழலத்தான சொன்னாரு?"

நியாயம்தான். அடுத்து உயிர் விஷயம். நின்றபடியே தூங்கக்கூடிய உறங்காப்புலி கண்ணைத் திறந்தான்.

"நாமளே நம்பாட்டி மீன் எப்படிப்பா நம்பும்? முதல்ல அதுக்கு ஒரு பேரு வைக்கணும்."

குமரேசன் என்று பேர் வைத்தார்கள். "பாத்துப் போயிட்டு வா குமரேசா" என்று சொல்லித்தான் சடையப்பன் வீசினான். குமரேசனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நல்லமாயன் புதருக்குள் உட்கார்ந்து அவனுக்காகக் கத்தினான். கண்மாயிலிருந்த மற்ற தவளைகள் பதிலுக்குக் கத்தின.

"சொந்தக்காரங்க விசாரிக்கிறாங்க" என்றான் உறங்காப்புலி, நெகிழ்ந்துபோய்.

பொழுது சாய்வதற்குள் குமரேசன் ஆகாயத்தாமரைப் பக்கம் ஒதுங்கினாலே சடையப்பனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் படாரென்று பிளந்து, முழங்கை நீள விரால் ஒன்று குமரேசனை லபக்கென்று கவ்வியது.

"ஐயோ, புள்ளைய முழுங்கிருச்சே!"

மூன்று பேரும் உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். மீன் கரையில் விழுந்ததும் வாயைப் பிளந்து குமரேசனை வெளியே எடுத்தார்கள். வயிற்றில் இரண்டு முள் குத்தியிருப்பதைப் பார்த்ததும் சடையப்பன் அழுதேவிட்டான். முள்ளைப் பிடுங்கி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தான். அதற்குள் விரால் துள்ளித் துள்ளித் தண்ணீருக்குள் போய்விட்டது.

"போகட்டும். அது மூஞ்சியிலயே இனி முழிக்கக்கூடாது" என்றான் நல்லமாயன்.

வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் சடையப்பனுக்கு மீன் ஞாபகம் வந்தது. படியில் வைக்கப்போன காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"தங்கச்சி எதை மிதிக்கக்கூடாதுன்னுச்சு?" என்றான் உறங்காப்புலி.

"வாசப்படிய."

"கூரை ஓட்ட மிதிக்கக்கூடாதுன்னு சொல்லுச்சா?"

சொல்லவில்லை. மூவரும் கூரையேறி, அடுப்புக்கு நேர்மேலே நாலு ஓட்டைப் பிரித்தார்கள். கீழே கரண்ட் போயிருந்தது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒச்சம்மாளைக் கூப்பிடலாம் என்று சடையப்பன் குனிந்தான். துண்டு நழுவி, குமரேசன் தொபுக்கென்று குழம்புக்குள் விழுந்தான்.

"எந்த வழியாவோ மீன் வந்துச்சே, அது போதும்" என்று இருட்டில் சத்தத்தை மட்டும் கேட்ட ஒச்சம்மாள், ஒரு கொதி வந்ததும் அள்ளி அண்ணன் இலையில் வைத்தாள்.

கூரைமேல் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். மீன் வீட்டுக்கு வந்துவிட்டதாக ஒச்சம்மாளே சொல்லிவிட்டதால் இனி வாசப்படியை மிதிக்கலாம். ஆனால் துக்க வீட்டுக்குள் அப்படியே போகமுடியாதே. இறங்கி, தொட்டித் தண்ணீரில் தலைமுழுகி, ஈரத்துண்டோடு உள்ளே வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"என்ன மாப்ளே, யாரு செத்தது?" என்றார் மச்சான், விடாமல் மென்றுகொண்டே.

"நம்ம குமரேசன், மச்சான்."

"அடப்பாவமே! எப்படி?"

"விராலுகிட்ட தப்பிச்சுட்டான். உங்ககிட்டதான் தப்பிக்கல."

மச்சான் தாடையை நிறுத்தாமலே பெருமூச்சு விட்டார். "எல்லாம் விதி மாப்ளே. ஒச்சு, மீனு ரொம்ப ருசி. இன்னும் ஒரு கொதி விட்டிருக்கலாம்."